முதலில் சங்கிலி, அப்புறம் டயர், கடைசியில்தான் ரிம்

கேள்வி: முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய ஹேட்ச்பேக் கார் என்னுடையது. வாங்கும்போதே 195/55 ஆர்16 டயரும் அலாய் ரிம்மும் வந்தன. குளிர்காலத்தில் நான்கைந்து தடவை மலைக் கணவாயைத் தாண்டிப் பெற்றோர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். எப்படியும் பனிக்கு இன்னொரு செட் வாங்கப்போகிறோம், அதைப் பார்க்க அழகான 17 அங்குல ரிம்மாகவே வாங்கிக் குளிர்கால டயரை மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். முன்னால் இரண்டுக்கு மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதுமா? சங்கிலியில் எந்த வகை நல்லது? கார் கையேட்டில் "185/65 ஆர்15 டயரில் மட்டுமே பனிச்சங்கிலி பொருத்தலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எழுதுவதுதானே இது?

பதில்:

இல்லை. உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உதவியது அந்த வரிதான். அதை எடுத்து எழுதியதற்கு நன்றி. பலர் கையேட்டைத் திறப்பதே கிடையாது.

டயர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ரிம்மைப் பார்க்கிறார்கள். அதற்குப் பொருந்துகிற டயரை அப்புறம் தேடுகிறார்கள். சங்கிலி ஞாபகம் வருவது பனி கொட்டுகிற வாரத்தில். சின்ன காருக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எந்த அளவு டயரில் சங்கிலி ஏறும் என்று முதலில் பாருங்கள். அந்த அளவில் குளிர்கால டயரை எடுங்கள். அந்த டயர் உட்காருகிற ரிம்தான் உங்கள் குளிர்கால ரிம்.

காரணத்தை நீங்களே கையால் தொட்டுப் பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவைத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விடுங்கள். டயரின் உள்பக்கச் சுவருக்கும் ஷாக் அப்சார்பர் தண்டுக்கும் நடுவே என்ன இடம் இருக்கிறது? சின்ன காரில் ஒரு விரல் நுழையும், மிஞ்சினால் இரண்டு. அங்கேயே பக்கத்தில் பிரேக் ஹோஸ் வளைந்து போகும், ஏபிஎஸ் சென்சார் ஒயரும் போகும். சங்கிலி மாட்டினால் அதன் உள்வளையம் ஓட வேண்டியது அந்த இடுக்கில்தான். நிற்கும்போது ஒட்டி இருக்கிற சங்கிலி, சக்கரம் சுற்றும்போது வெளியே தள்ளிக்கொண்டு வரும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலேறும், வளைவில் டயர் பிதுங்கும். அவ்வளவுக்கும் அந்த ஒரு விரல் இடம் போதவேண்டும்.

அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரத்தில் "எஸ் கிளாஸ்" என்று ஒரு வகுப்பு உண்டு. இடம் குறைவான கார்களுக்கென்றே வைத்தது. அதற்கே உள்பக்கச் சுவரை ஒட்டிக் குறைந்தது 15 மில்லிமீட்டரும், டயரின் மேல்பரப்பிலிருந்து 37 மில்லிமீட்டரும் காலி இடம் வேண்டும். உங்கள் கார்க் கம்பெனி 16 அங்குல டயரிலும் 15 அங்குல டயரிலும் அளந்து பார்த்துத்தான் அந்த வரியை எழுதியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர், முன்பக்கம் தட் தட்டென்று சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். அகலமான டயர்மேல் சங்கிலி மாட்டி ஒரு மலையை ஏறி இறங்கியிருந்தார். சக்கரத்தைக் கழற்றினேன். ஷாக் அப்சார்பர் தண்டில் பெயின்ட் போய், ரம்பம் வைத்து அறுத்ததுபோல் பளபளவென்று வரிவரியாகக் கோடு. ஃபெண்டரின் உள்பக்கப் பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது. பிரேக் ஹோஸின் மேல் ரப்பர் சீவப்பட்டு, உள்ளே இருக்கிற நூல் பின்னல் வெளியே தெரிந்தது. இன்னும் ஓர் இறக்கம் போயிருந்தால் பிரேக் ஆயில் வெளியேறியிருக்கும். பின்சீட்டில் பிள்ளைகள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த ஹோஸ்தான் கண்முன் வந்தது.

சரி, 15 அங்குலத்துக்கு இறங்கினால் வண்டி தாழ்ந்துவிடுமா, ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா? கணக்கைப் பாருங்கள். 195/55 ஆர்16 என்றால் டயரின் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது 107 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் 16 அங்குல ரிம். கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 185/65 ஆர்15-க்கு அதே கணக்கைப் போட்டால் 621.5 வரும். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கியர் கணக்கோ ஸ்பீடோமீட்டரோ மாறாது. மாறுவது பக்கச் சுவர்: 107 இருந்த இடத்தில் 120 மி.மீ. ஆகிறது. பனிக்கடியில் ஒளிந்திருக்கும் குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றப்போவது அந்த 13 மி.மீ. ரப்பரும் காற்றும்தான். நீங்கள் கேட்கிற 17 அங்குலத்தில் சின்ன கார்களுக்கு வழக்கமாகப் போடுவது 205/45. அதன் சுவர் 92 மி.மீ.தான்.

இன்னொன்று. பனியில் அகலமான டயர் நல்லது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். புதுப்பனியிலும் சொதசொதவென்று கரைந்த பனியிலும் நிலைமை நேர்மாறு. ஒல்லியான டயர் அதே எடையைச் சின்ன இடத்தில் இறக்குவதால் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே போய்த் தரையைப் பிடிக்கும். அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். ஆக, 185 என்பது நீங்கள் விட்டுக்கொடுக்கிற அளவே கிடையாது. சங்கிலி இல்லாவிட்டாலும் உங்கள் பாதைக்கு நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டயருக்கு வருவோம். முன்னால் இரண்டு மட்டும் போடாதீர்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் முன்னால் மட்டும் குளிர்கால டயர் போட்டால் வண்டி நன்றாக ஏறும், நமக்கும் தைரியம் வந்துவிடும். பிரச்சினை இறங்கும்போது. வளைவில் பிரேக் தொட்டதும் எடை முன்னால் சாயும், பின்சக்கரங்கள் லேசாகும், அங்கே இருப்பதோ குளிரில் கெட்டித்துப்போன கோடை டயர். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அந்தப் பின்பக்கத்தில். நான்குக்கும் ஒரே அளவு, ஒரே மாடல் குளிர்கால டயர் போடுங்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னத்தைத் தேடுங்கள்: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனித்தரையில் ஓர் ஒப்பீட்டு டயரோடு வைத்துச் சோதித்துத் தேறியது என்று அதற்கு அர்த்தம். சேறும் பனியும் என்பதைக் குறிக்கிற "எம்+எஸ்" (M+S) எழுத்து மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். அது பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், அமைந்திருக்கிற விதத்தைப் பற்றித் தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், மலைச் சின்னம் இல்லாத டயரைக் குளிர்கால டயராக ஏற்பதே இல்லை.

கோடை டயருக்கும் இதற்கும் முதல் வித்தியாசம் ரப்பரில் இருக்கிறது. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப்போகக் கோடை டயரின் ரப்பர் விறைக்கும், குளிர்கால ரப்பர் இளக்கமாகவே இருக்கும். அப்புறம் பட்டனை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டியிலும் பிளேடால் கீறியதுபோல் அலையலையாகக் கோடுகள் இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் அவை விரிந்து மூடும். பனியைக் கடிப்பது அந்த விளிம்புகள்தான். பெரிய பள்ளங்களில் பனி அடைந்துகொள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பனியோடு பனி நன்றாக ஒட்டும், அந்தப் பிடிமானத்துக்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள்.

புது குளிர்கால டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. அளவில் இருக்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது. அந்த அளவில் பனியில் அது மொட்டை டயர்தான். 4 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள். ஆஸ்திரியாவில் சட்டமே அந்த 4 மி.மீட்டரைத்தான் சொல்கிறது. தயாரித்த தேதியையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3523 என்றால் 2023-ன் 35-வது வாரம். எடைக்குறியீடு உங்கள் கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்னதற்குக் குறையக்கூடாது. 185/65 ஆர்15-ல் வழக்கமாக வருகிற 88 என்பது ஒரு டயருக்கு 560 கிலோ. வேகக் குறியீடு டி (T), அதாவது மணிக்கு 190 கி.மீ., என்று கோடை டயரைவிட ஒரு படி குறைவாக இருக்கலாம். குளிர்கால டயரில் அது சகஜம், உங்கள் ஊர்ச் சட்டம் ஒப்புக்கொள்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிம்முக்கு நான் சொல்வது சாதாரண ஸ்டீல் ரிம், அதே மாடலின் விலை குறைந்த வகையில் கம்பெனியே போட்டு அனுப்புகிற 15 அங்குலம். அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலையில் தூவும் உப்பும் சங்கிலியின் உராய்வும் அலாய் மேல் பட்டால் ஒரே பருவத்தில் பூச்சு உரிந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்க ஆரம்பிக்கும். ஸ்டீலில் கீறல் விழுந்தால் கொஞ்சம் பெயின்ட் போதும். குழியில் விழுந்தால் அலாய் விரிசல் விடலாம். ஸ்டீல் பெரும்பாலும் நெளிவதோடு நிற்கும்.

கம்பெனி ரிம் என்றால் அளவுகள் தானாகப் பொருந்தும். வெளியே வாங்கினால் சிலதை நீங்களே சரிபார்க்க வேண்டும். போல்ட் வட்டம் ஒன்று: நான்கு போல்ட் 100 மி.மீ. வட்டத்திலா, ஐந்து போல்ட் 114.3-லா என்பது காருக்குக் கார் மாறும். நடு ஓட்டை உங்கள் ஹப்புக்கு, அதாவது சக்கரம் பூட்டப்படும் மையப் பகுதிக்கு, சரியாக உட்காரவேண்டும். பெரிதாக இருந்தால் இடையே வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட்டைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் தளம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது அது. ஆஃப்செட்டை மாற்றாமல் ஐந்தரை அங்குல அகல ரிம்முக்குப் பதில் ஏழு அங்குல ரிம் போட்டால், ரிம்மின் உள்விளிம்பு 19 மி.மீ. உள்ளே நகரும். நீங்கள் விரல் விட்டுப் பார்த்த இடுக்கு அத்தோடு தீர்ந்தது. 17 அங்குல ஆசைக்கு நான் குறுக்கே நிற்பது இதனால்தான். கோடைக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள், சங்கிலிக்கு அது ஆகாது.

15 அங்குல ரிம், பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்மேல் இடிக்காமல் சுற்றுகிறதா என்று டயர் மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒரே மாடலில் பெரிய பிரேக் வைத்த வகைகள் உண்டு. நட்டையும் கவனியுங்கள். அலாய்க்கு வந்த நட்டு ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது, அமரும் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்று பார்த்து வாங்க வேண்டும். இறுக்குவதற்குக் கையேட்டு அளவு உண்டு, பல சிறிய கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி ஒரு சுற்று சரிபாருங்கள்.

இப்போது சங்கிலி. 1904-ல் அமெரிக்காவில் ஹாரி வீட் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சேற்றில் ஓட்டியவர்களைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பழைய ஏணி வடிவம் இன்றும் கடையில் கிடைக்கிறது. டயருக்குக் குறுக்கே படிபடியாகச் சங்கிலி போகும். நேராக ஏறுவதற்குப் போதும். ஆனால் இரண்டு படிகளுக்கு நடுவே டயர் வெறுமையாக இருப்பதால், வண்டி பக்கவாட்டில் நழுவினால் தடுக்க ஒன்றும் இல்லை. உங்கள் பாதையில் கொண்டைஊசி வளைவுகள் இருக்கும். வைர வடிவில் பின்னிய சங்கிலியை வாங்குங்கள். சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு கண்ணி தரையைத் தொட்டபடி இருக்கும், குறுக்கேயும் பிடிக்கும், உதறலும் குறைவு.

கனம் 7 மி.மீ., 9 மி.மீ., 12 மி.மீ. என்று வரும். உங்கள் கையேடு எத்தனை வரை அனுமதிக்கிறது என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். சின்ன காருக்கு 9 வழக்கம், இடம் இன்னும் குறைவானால் 7. தானே இறுகிக்கொள்ளும் வகை கொஞ்சம் விலை கூடினாலும் குளிரில் விரல் மரத்துப்போன நேரத்தில் அதன் அருமை தெரியும். துணி உறையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். மாட்டுவது சுலபம், இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் பனி இல்லாத தாரில் கொஞ்ச தூரம் ஓடினாலே நைந்துவிடும், எல்லா இடத்திலும் அதைச் சங்கிலியாக ஏற்கவும் மாட்டார்கள். கணவாய் என்பதால் உங்களுக்கு உலோகச் சங்கிலியே சரி.

நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய டயர் படம் போட்ட பலகையைப் பார்த்தால், அங்கிருந்து சங்கிலி கட்டாயம் என்று பொருள். பல நாடுகளில் நல்ல குளிர்கால டயர் இருக்கிறதே என்று போக முடியாது. ஜப்பானில் 2018 டிசம்பரில் கொண்டுவந்த விதியும் அப்படித்தான்: குறிப்பிட்ட சில மலைப்பகுதிகளில் கடும்பனி நேரத்தில் எந்த டயர் இருந்தாலும் சங்கிலி இல்லாமல் விடமாட்டார்கள்.

சங்கிலி எப்போதும் இழுக்கிற சக்கரங்களுக்கு, உங்களுக்கு முன்னால் இரண்டுக்கும். வாங்கிய வாரமே ஒரு விடுமுறை நாளில், வெளிச்சத்தில், காய்ந்த தரையில் இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். பையிலிருந்து எடுத்ததும் தரையில் விரித்துச் சிக்கெடுங்கள். திருகிக்கொண்ட கண்ணியோடு மாட்டினால் அது டயரை அறுக்கும். வளையத்தைப் பாம்புபோல் டயருக்குப் பின்னால் நுழைத்து, இரு முனையையும் மேலே தூக்கிக் கோத்து, உள்ளே தள்ளிவிடுங்கள். வெளிப்பக்கம் நிறம் பூசிய கொக்கியை மாட்டி, இழுப்புச் சங்கிலியைக் கீழிருந்து சுண்டி இறுக்குங்கள். சக்கரத்தைத் தூக்க ஜாக்கி தேவைப்படாது. நூறு மீட்டர் போய் ஓரமாக நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், முதல் இறுக்கம் அதற்குள் தளர்ந்திருக்கும். டயரில் காற்றைக் குறைத்துவிட்டு மாட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது வேண்டாம். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதைக் கேளுங்கள். தார் தெரிய ஆரம்பித்ததும் பாதுகாப்பான இடம் பார்த்துக் கழற்றுங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே சமதளத்தில் மாட்டிவிடுவது நல்லது, சறுக்கி நின்ற இடத்தில் மாட்டுவது பெரும்பாடு. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் அலசிக் காயவைத்து மடியுங்கள். உப்பு சும்மா விடாது.

காற்றழுத்தத்தைக் கிளம்புகிற அன்று காலை வெளியே, டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். 20 டிகிரி வெதுவெதுப்பான கராஜில் சரியாக அடித்த டயர், வெளியே மைனஸ் 10-ல் கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ இழந்து நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதன்மேல் சங்கிலி மாட்டக்கூடாது. மலையில் முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போடுங்கள், ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள், சங்கிலியை முன்னால் இருக்கிற நல்ல டயரில் ஏற்றுங்கள். இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டியிருக்கும். அதற்காகச் சங்கிலிப் பையோடு ஒரு தடித்த பலகைத் துண்டும், முட்டி போட ஒரு பழைய ரப்பர் மிதியடியும், தலையில் மாட்டும் டார்ச்சும், நனையாத கையுறை இரண்டு ஜோடியும் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி பனியில் அமுங்காமல் நிற்கப் பலகை வேண்டும். முதல் ஜோடிக் கையுறை முதல் சக்கரத்திலேயே நனைந்துவிடும்.